மரவள்ளித் தண்ணீர்

வியாழக்கிழமைதோறும் என் ஒரு வாரச் சாப்பாடு வேனில் வந்து இறங்குகிறது. கொண்டுவருபவர் நல்ல மனிதர். பெட்டியை வாசலில் வைத்துவிட்டு, மழை பெய்தால் மழை என்றும் வெயிலடித்தால் வெயில் என்றும் எனக்கே தெரிந்த செய்தியைச் சொல்லிவிட்டுப் போவார். பெட்டிக்குள் தட்டுத் தட்டாகச் சாப்பாடு கல்லாய் உறைந்து கிடக்கும். ஒவ்வொரு தட்டின் மூடியிலும், இதைச் சிறுநீரக நோயாளர் சாப்பிடலாம், இதில் பொட்டாசியம் இவ்வளவுதான் என்று அச்சடித்திருப்பார்கள். வெள்ளைச் சோறு, வெளிறிய கோழி, எதற்கோ பயந்ததுபோல் ஓரமாக ஒதுங்கிய மூன்று கரட் துண்டு. மைக்ரோவேவில் வைத்தால் மணியடிக்கும். தாளிப்பு வாசனை வந்து கூப்பிட்டுச் சாப்பிட உட்கார்ந்தவன் நான். இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைபோல் மணியடித்தால் உட்காருகிறேன்.

குறை சொல்லக்கூடாது. கொவென்ட்ரி நகரத்தில் மனைவியை இழந்து தனியாக இருக்கும் ஒருவனை இந்தத் தட்டுகள்தான் நடமாட வைத்திருக்கின்றன. நீண்டகாலச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, சிறுநீரகத்தைக் களைக்க வைத்துவிட்டது. இன்னும் இயந்திரத்தில் இரத்தம் சுத்திகரிக்கும் நிலைக்குப் போகவில்லை. ஆனால் பொட்டாசியம் இரத்தத்தில் தேங்குகிறது. அது ஏறினால் காய்ச்சல் வராது, வலிக்காது, சத்தமில்லாமல் போய் இதயத்தை நிறுத்திவிடும் என்று ஆஸ்பத்திரியின் உணவு ஆலோசகர் ஹெலன் சிரித்த முகத்தோடு விளக்கினார். அதன்பின் கூடாதவற்றைச் சொன்னார்: வாழைப்பழம், இளநீர், பலாக்காய், உருளைக்கிழங்கு, தக்காளி, கீரை, பருப்பு, தேங்காய்ப்பால். கேட்கக் கேட்க எனக்குக் கம்பளையில் என் தங்கச்சி ரஞ்சியின் குசினியை யாரோ தலைகீழாகக் கவிழ்த்துக் கொட்டுவதுபோல் இருந்தது.

கிழங்கு ஆசை வந்தால் சின்னத் துண்டுகளாக வெட்டி, நிறையத் தண்ணீரில் அவித்து வடித்து, மறுபடி புதுத் தண்ணீரில் அவித்து வடித்துக் கொஞ்சமாகச் சாப்பிடலாம், பொட்டாசியத்தில் பெரும்பகுதி தண்ணீரோடு போய்விடும் என்றார் ஹெலன். கறி சாப்பிடுவதென்றால் குழம்பை விட்டுவிட்டுத் துண்டை மட்டும் எடுங்கள் என்றும் சொன்னார். அப்படியென்றால் சோற்றை எதில் பிசைவது என்று கேட்டேன். அவருக்குக் கேள்வி விளங்கவில்லை. சோற்றுக்கே ஒரு சுவை உண்டு, அதை ரசித்துப் பழகுங்கள் என்றார். நானும் தலையாட்டினேன். வெறுஞ்சோற்றை ரசிக்கச் சொல்லும் ஒரு தேசத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் குடியிருந்துவிட்டேன் என்பது அன்றுதான் சரியாக உறைத்தது.

போன வருஷம் ஊருக்குப் போனேன். ரஞ்சியைப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்த நாங்கள் இரண்டே பேர். படித்துத் தோட்டத்தைவிட்டு இறங்கி, அவள் கம்பளையில் ஆசிரியையாகிக் குடும்பமாகிவிட்டாள், நான் விமானமேறிவிட்டேன். இனி இயந்திரத்தோடு வாழத் தொடங்கினால் இத்தனை தூரம் போய்வருவது லேசில்லை. அதற்கு முன் ஒரு மாதமாவது அவள் கையால் சாப்பிட்டுவிட வேண்டும். பயணத்துக்கு இருந்த ஒரே காரணம் அதுதான். டாக்டர் சரியென்றார், ஹெலன் மட்டும் கவலையாகப் பார்த்தார்.

ஊரில் வேனில் வரும் தட்டு இல்லை. ஆனால் எங்களிடமும் அவசரக்காரனுக்கு ஒரு சாப்பாடு உண்டு, சோற்றுப் பார்சல். கண்டியில் இறங்கியதும் பசி, மார்க்கெட் பக்கத்து முஸ்லிம் கடையொன்றில் நுழைந்தேன். கடைக்காரர் தாளை விரித்துச் சோற்றைப் போட்டுக் கரண்டியைப் பருப்புக்குக் கொண்டுபோனார். வேண்டாம் என்றேன். கிழங்குக் கறிக்குப் போனார், வேண்டாம். பலாக்காய், வேண்டாம். கீரைச் சுண்டல், அதுவும் வேண்டாம். கரண்டி அந்தரத்தில் நின்றது.

"அப்ப என்னத்தத்தான் போடச் சொல்றீங்க, மாஸ்டர்? ஏதும் நேர்த்தியா?"

நோயைச் சொல்லத் தொடங்கினால் பின்னால் நிற்கும் வரிசை முழுக்க வைத்தியம் சொல்லும். ஆமாம், கோயிலுக்கு நேர்த்திதான் என்றேன். அவர் முகத்தில் மரியாதை வந்துவிட்டது. நான் நம்பியிருந்த பொரித்த மீன் தட்டைத் தூர நகர்த்திவிட்டு, முட்டைக்கோவாவை மட்டும் வைத்து மடித்து, நேர்த்திக்காரருக்குத் தன் பங்காக ஒரு பெரிய வாழைப்பழத்தைச் சும்மா வைத்துக் கொடுத்தார். ஏர்போட்டிலிருந்து வந்த களைப்பிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. பழத்தை ரயில் நிலையத்தில் ஒரு அம்மாவிடம் கொடுத்தேன். கையில் அந்த வாசனை கம்பளை வரைக்கும் வந்தது.

ரஞ்சி வாசலிலேயே அழுதாள், மெலிந்துவிட்டேன் என்று. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, எதெது ஆகும் எதெது ஆகாது என்று கேட்டாள். சொன்னேன். பொட்டாசியம் என்றதும், "தோட்டத்துல தேயிலைக்குப் போடுற உரந்தானே அது?" என்றாள். எங்கள் அப்பா உரம் போடுகிற வேலைக்காட்டில் நின்றவர், சாயந்தரம் சட்டையில் அந்த வெள்ளைத் தூளோடு வருவார். அதேதான், அது மரக்கறிக்குள்ளும் இருக்கிறது, இரண்டு தரம் அவித்து வடித்தால் குறையும் என்றேன். விளங்கிவிட்டது, கவலைப்படாதீர்கள் என்றாள்.

அவள் சொன்னால் செய்வாள். விடியற்காலையில் கிழங்கை, பூசணியை, கரட்டைச் சின்னதாக வெட்டி அவிப்பாள், வடிப்பாள், மறுபடி அவிப்பாள். நான் குசினி வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு பார்த்திருப்பேன். வெளியே மழை மூட்டம், மகாவலிப் பக்கமிருந்து குளிர்காற்று, உள்ளே கறிவேப்பிலை வெடிக்கிற சத்தம். தேங்காய்ப்பால் இல்லை, பருப்பு இல்லை, ஆனால் என்ன, கடுகும் வெங்காயமும் தாளித்த கைமணம் அவளுடையது. கூடவே தினமும் ஒரு கோப்பை ரசம் வைத்தாள். மிளகும் சீரகமும் தட்டிப்போட்ட அந்தத் தெளிந்த தண்ணீரைச் சோற்றில் விட்டுப் பிசைந்தபோது என் கண் கலங்கிவிட்டது. எத்தனை காலத்துக்குப் பிறகு ஈரச்சோறு! ஹெலன் இதைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். மிச்ச ரசத்தைக் கோப்பையோடு தூக்கிக் குடித்தேன்.

இரண்டாவது வாரம் கால்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. பயணக் களைப்பு என்று நினைத்தேன். ஒரு மத்தியானம் கதிரையிலிருந்து எழும்ப முடியவில்லை, நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று தாளம் தப்பி அடித்தது. ரஞ்சியின் கணவர் ஆட்டோவைப் பிடித்து, ஆட்டோவிலிருந்து காருக்கு மாற்றி, கண்டியில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இரத்தம் எடுத்தார்கள், நெஞ்சில் கம்பிகளை ஒட்டினார்கள், ஊசி போட்டார்கள். போகும் வழியில் பேராதனைப் பாலத்தைத் தாண்டியபோது, இவ்வளவு தூரம் வந்து இப்படியா முடிகிறது என்று நினைத்தது ஞாபகமிருக்கிறது. பயமாக இருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

அடுத்தநாள் காலை தாளம் சரியாகிவிட்டது. டாக்டர், தமிழ் கொஞ்சம் தெரிந்த சிங்களப் பெண், என்னென்ன சாப்பிட்டேன் என்று விசாரித்தார். பக்கத்தில் நின்ற ரஞ்சி முந்திக்கொண்டாள். ஆசிரியை அல்லவா, ஒழுங்காகச் சொன்னாள். எல்லாம் இரண்டு தரம் அவித்துத்தான் கொடுத்தேன், ஒரு நாளும் தவறவில்லை, அண்ணனுக்குச் சோறு காய்ந்துபோய் இறங்கவில்லை, உடம்பிலும் தெம்பில்லை, அதனால் அவித்து வடித்த தண்ணீரை வீணாக்காமல் மிளகு தட்டிப் போட்டு ரசமாக வைத்துக் கொடுத்தேன், சத்தெல்லாம் அதில்தானே இருக்கிறது என்றாள்.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். பிறகு மெதுவாக, குரலை உயர்த்தாமல், மரக்கறியிலிருந்து வெளியேற்றிய பொட்டாசியம் முழுவதையும் அந்தக் கோப்பையில் சேர்த்துக் கொடுத்திருக்கிறீர்கள் என்று சொன்னார். ரஞ்சியின் முகத்தில் இரத்தமில்லை.

அவளை யார் குறை சொல்ல முடியும்? எங்கள் வீடுகளில் அவித்த தண்ணீரைக் கொட்டுகிற பழக்கமா இருக்கிறது? சோறு வடித்த கஞ்சியில் உப்புப் போட்டுக் குடித்து வளர்ந்தவர்கள் நாங்கள். கீரை அவித்த தண்ணீர் பிள்ளைத்தாய்ச்சிக்கு, காய்கறித் தண்ணீர் காய்ச்சல்காரனுக்கு. நோயாளிக்குச் சத்தைத் தண்ணீராக்கித்தான் கொடுப்போம். இங்கிலாந்தில் கிழங்கை அவிக்கிறவர்கள் தண்ணீரை யோசிக்காமல் தொட்டியில் கொட்டுவார்கள். அதனால்தான் ஹெலனுக்கு அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்று சொல்லவே தோன்றவில்லை. குடிக்கிற சனம் உலகத்தில் இருக்கிறதென்று அவர் எங்கே கண்டார்.

டாக்டர் போனபின் ரஞ்சி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். இனி எங்கள் சமையல் எதுவும் வேண்டாம், உடனே திரும்பிப் போய்விடுங்கள், என் கையால் ஒரு வாய் தண்ணீரும் தரமாட்டேன் என்றாள். எனக்கு ஆஸ்பத்திரிப் பயத்தைவிட இதுதான் பெரிய பயமாக இருந்தது. எதற்கு வந்தேனோ அது அங்கேயே முடிந்துவிடப் பார்த்தது. அவளைச் சமாதானப்படுத்த, அந்தத் தண்ணீரில் ஒரு வகை நஞ்சு இறங்கியிருந்தது, அது உனக்கு எப்படித் தெரியும் என்றேன். அவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"மரவள்ளித் தண்ணி மாதிரின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டேனே, அண்ணே."

தோட்டத்தில் அரிசி கிடைக்காத காலமொன்று இருந்தது. எங்கள் லயத்து வீட்டுக்குப் பின்னால் நட்ட மரவள்ளிதான் காலையும் இரவும். அம்மா மூடி போடாமல் அவிப்பார். கிழங்கின் நஞ்சு ஆவியோடு முழுக்க வெளியே போகவேண்டும், தண்ணீரைத் தூரக் கொண்டுபோய்க் கொட்டவேண்டும், மரவள்ளியோடு இஞ்சி சேர்ந்தால் ஆகாது என்று அன்றைக்கு இஞ்சித் தேத்தண்ணி யாருக்கும் கிடையாது. கொட்டின இடத்தில் கோழி மேய்ந்தாலும் துரத்திவிடுவார். எதையும் வீணாக்காத அந்த வீட்டில் கொட்டியே ஆகவேண்டிய தண்ணீர் அது ஒன்றுதான். பசியோடு அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து, மூடியில்லாப் பானையிலிருந்து எழும்பும் ஆவியை நானும் ரஞ்சியும் பார்த்திருப்போம். வெந்ததும் உப்பும் மிளகாய் இடித்த கட்டச்சம்பலும் வைத்துக் கொடுப்பார். அந்த ருசியை இந்த உலகத்தில் இன்னும் ஞாபகம் வைத்திருப்பது நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

அன்றைக்கே அவளுக்குக் கை திரும்ப வந்துவிட்டது. வீடு வந்ததும் உருளைக்கிழங்குக்கு மரவள்ளி மரியாதை, கரட்டுக்கு மரவள்ளி மரியாதை. மூடியைக் கழற்றிச் சுவரில் மாட்டிவிட்டாள். அதற்கு மூடி தேவையில்லை என்று நான் சொன்னாலும் கேட்கவில்லை, செய்கிறதை முறையாகச் செய்வோம் என்றாள். சோற்றில் விடுவதற்கு, வெறும் தண்ணீரில் வெங்காயமும் மஞ்சளும் போட்டு, கடுகு தாளித்து, புளிப்புக்குத் தேசிக்காய் பிழிந்து ஒரு சொதி கண்டுபிடித்தாள். பால் இல்லாத சொதி என்று யாழ்ப்பாணத்து ஆட்கள் கேட்டால் அடிக்க வருவார்கள். எனக்கு அமிர்தமாக இருந்தது. வடித்த தண்ணீரை ஆறவைத்து, குசினிக்குப் பின்னால் புதிதாக நட்டிருந்த வாழைக் கன்றுக்கு ஊற்றினாள். உரந்தானே, அதுவாவது குடிக்கட்டும் என்றாள். போவதற்கு முன் மறுபடி இரத்தம் பார்த்தார்கள். இருக்கவேண்டிய அளவில் இருந்தது. ரஞ்சி அந்த ஆஸ்பத்திரி வாசலில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், இந்தத் தடவை வேறு அழுகை.

இப்போது கொவென்ட்ரியில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் உறைந்த தட்டைத் தொடுவதில்லை. மூடி போடாமல் இரண்டு கிழங்கு அவிக்கிறேன். கண்ணாடி ஜன்னல் முழுக்க ஆவி படிந்து வெளியே தெரு மறைந்துவிடும். அந்த நேரம் ரஞ்சிக்குப் போன் போடுவேன். அங்கே அவளும் ஏதாவது அவித்துக்கொண்டிருப்பாள். பழகிவிட்டது, இப்போது தன் கணவருக்கும் இரண்டு தரம் அவித்த கிழங்குதான், அந்த மனிதர் என்னைத் திட்டுகிறார் என்று சிரிப்பாள்.

போன ஞாயிறு, வாழை பூத் தள்ளியிருக்கிறது என்றாள். நல்ல பெரிய பூவாம், குலை பலமாக வருமாம். கொஞ்சநேரம் சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தவள், திடீரென்று குரல் இறங்கி, உங்கள் தண்ணீரைக் குடித்து வளர்ந்த மரம், அதன் பழத்தில் உங்களுக்கு ஒன்று தர முடியாதே என்றாள்.

"பழத்த நீங்க சாப்பிடுங்க. எலய எனக்கு வை. வந்து அதுல சோறு சாப்பிடுறேன்."

"கொலய வெட்டுனா மரத்தயும் வெட்டணுமே அண்ணே. நீங்க வர்றவரைக்கும் எல எங்க இருக்கும்?"

பக்கத்தில் கன்று வரவில்லையா என்று கேட்டேன். அவள் கதவைத் திறந்துகொண்டு பின்னால் போனாள். மழைச் சத்தம் கேட்டது. என் அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

"ரெண்டு நிக்குது" என்றாள்.

"அதுக்கு ஊத்து, ரஞ்சி" என்றேன். அவள் போனை வைக்காமலே ஆறவைத்திருந்த பானையைத் தூக்கிக்கொண்டு போய் ஊற்றுகிற சத்தம் கேட்டது. நான் என் பானையைத் தொட்டியில் சரித்தேன்.