நந்தியாவட்டையைத் தின்ற ஏழு பேர்

போன மாதம் என் இயற்கைப் பற்று ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

ஐப்பசி பிறந்தால் ஆவடிப் பக்கம் மழை வருகிறதோ இல்லையோ, பூச்சி பார்க்கிறவர்கள் வந்துவிடுவார்கள். நானும் அப்படி ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறேன். அந்த ஞாயிறு காலை முத்தாபுதுப்பேட்டை தாண்டி ஓர் ஏரிக்கரையில் மண்டியிட்டுத் தட்டான்களைப் படம் எடுத்தோம். 'சிற்றுயிர்களும் நம் உறவே' என்று கேப்ஷன் போட்டதே நான்தான்.

வீட்டுக்கு வந்தால்... வாசல் கேட் ஓரம் நந்தியாவட்டைச் செடி பாதி மொட்டை. விரல் தடிமனில் ஏழு பச்சைப் புழுக்கள், ஆளுக்கு இரண்டு நீலக் கண்களோடு. உறவினர்களைக் கண்டதும் நான் என்ன செய்தேன்? பூச்சி மருந்தைத் தேடினேன்.

எதிர்வீட்டுக் கன்னியம்மா பார்த்துவிட்டார். கம்பெனி கேன்டீனில் சமைக்கிறவர். சாமிக்கு அந்தச் செடியில்தான் தினமும் பூப் பறிப்பார்.

"இன்னா சார், மருந்தா அடிக்கப் போற?"

"உங்களுக்குப் பூ வேணாமா?"

"பூ நாளிக்குப் பூக்கும். அது இன்னிக்குத் துன்னுகினு கீது. வுடு சார்."

வெட்கமாகிவிட்டது. குழுவில் படம் போட்டேன். அரை மணியில் ஒருங்கிணைப்பாளர் வந்தார். பின்னாலேயே ஒன்பது பேர், ஏகப்பட்ட லென்ஸ். அழகான அந்துப்பூச்சி ஒன்றின் புழுக்களாம். அந்தக் கண்கள் கண்களே இல்லையாம் — எதிரியை மிரட்டும் வேஷமாம். "யாரும் தொடக்கூடாது. இனி இது நம்ம பொறுப்பு" என்றார். காபி குடித்தார்கள். பொறுப்பை என்னிடம் விட்டுவிட்டுப் போனார்கள்.

மூன்றாம் நாள் செடியில் இலையே இல்லை. பசித்த புழுக்கள் தெருவில் இறங்கின. தண்ணீர் லாரி ஒன்று போனது. நான்கு நசுங்கிக் கிடந்தன.

'உடனே யாராவது வாருங்கள்' என்று குழுவுக்கு எழுதினேன். கண்ணீர் பொம்மைகள் பதினாறு வந்தன. ஆள்?

ஷிப்ட் முடிந்து வந்த கன்னியம்மா, சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு மீதி மூன்றையும் வெறுங்கையால் எடுத்தார்.

"கடிக்காதா?" என்றேன், இரண்டடி தள்ளி நின்று.

"இலை துன்ற வாயி சார். இன்னா கடிச்சிடும்?"

அவர் வீட்டுக் கொல்லையில் அரளி இருந்தது. பிளாஸ்டிக் கூடையில் கொசுவலைத் துண்டைக் கட்டி, வேலைக்குப் போகுமுன் தழை போட்டு, வந்ததும் கூடையைச் சுத்தம் செய்து வளர்த்தார். புழுக்கள் பழுப்பாகி, சருகுக்குள் கூட்டுப்புழுவாயின.

இரண்டு வாரம் கழித்து ஒரு மாலை என்னைக் கூப்பிட்டார். மூன்றில் ஒன்றுதான் பிழைத்திருந்தது. பச்சையும் ரோஸுமாக, சிறகை உலர்த்திக்கொண்டிருந்தது.

படம் எடுத்துக் குழுவில் போட்டேன். ஐந்தே நிமிடத்தில் ஒருங்கிணைப்பாளரின் அறிவிப்பு: 'நம் குழு காப்பாற்றி வளர்த்த அந்துப்பூச்சி.' கீழே அவர் பெயர். அதற்கும் கீழே, மருந்து தேடிய என் பெயர்.

கொதித்துப்போய்க் கன்னியம்மாவிடம் போனை நீட்டினேன். "உங்க பேரையே போடலை, பாருங்க."

அவர் போனைக் கையால் ஒதுக்கினார். "அத்த நவுத்து சார், மறைக்குது. பறக்கப் போவுது பாரு."

பறந்தது. குழுவில் யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.