வண்டி துப்பிய கறுப்பு எண்ணெய்

எர்ணாகுளம் தேவராவில் ஒரு கல்யாண வீடு. பந்தி போட வேண்டிய நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. சமையல்காரர் சிவராமகிருஷ்ணன் வாழையிலைக் கட்டை அவிழ்த்தார். அவிழ்த்த கை அப்படியே நின்றுவிட்டது. மேலே இருந்த இலைகளிலெல்லாம் கறுப்புப் பொட்டுகள். ஒன்றைத் தொட்டுப் பார்த்தார், பிசுக்கென்று விரலில் ஒட்டியது.

"எந்தாடோ இது? இலையில தாரை ஊத்திக் கொண்டு வந்திருக்கியா?"

இலை கொண்டுவந்த சங்கரலிங்கம் வாய் திறப்பதற்குள் கட்டு தெருவில் போய் விழுந்தது.

"பாண்டிகளை நம்பினா இங்ஙனதான்" என்றார் சமையல்காரர், எல்லோர் காதிலும் விழும்படி. தமிழ்நாட்டுக்காரர்களை அங்கே இளக்காரமாகச் சொல்லும் சொல் அது.

பந்தலில் இருந்த அத்தனை தலைகளும் திரும்பின. சங்கரலிங்கத்துக்குக் காது மடல்வரை சூடேறியது. அந்த ஆளின் சட்டையைப் பிடித்திருப்பான். ஆனால் பெண்ணின் தகப்பனார் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டு, "நல்ல இலையை மட்டும் பொறுக்கிக் கொடுப்பா, மானம் போகாம காப்பாத்து" என்று கெஞ்சினார். அவருக்காகத் தெருவில் குந்தி, இலை இலையாகத் துடைத்து அடுக்கினான். குனிந்திருந்த நேரம் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டேயிருந்தான்.

சங்கரலிங்கத்துக்குச் சொந்த ஊர் கம்பம் பக்கம். அங்கிருந்து லாரியில் எர்ணாகுளம் சந்தைக்கு வந்திறங்கும் இலைக்கட்டுகளை வாங்கி, மட்டாஞ்சேரி ஓட்டல்களுக்கும் கல்யாண வீடுகளுக்கும் போடுவதுதான் தொழில். முன்பெல்லாம் கட்டைத் தலையில் சுமந்து படகு ஏறுவான். கூட்டத்தில் இலை கிழியும், வெயிலில் வாடும். பாதி இலை மாட்டுக்குத்தான் ஆகும். எண்பத்திரண்டில் ஒரு பழைய டூ-ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள் வாங்கிய பிறகுதான் அந்தப் பாடு ஒழிந்தது. பின் சீட்டின் இரண்டு பக்கமும் கட்டுகளைத் தொங்கவிட்டு பாலத்தில் பறந்து வரும்போது, மட்டாஞ்சேரியே தன்னைப் பார்ப்பதாக அவனுக்கு ஒரு நினைப்பு.

வண்டியைப் பிடித்துக் கொடுத்தவன் வீரபாண்டி. சங்கரலிங்கத்தின் மனைவி ஒச்சம்மாளுக்கு உடன்பிறந்த அண்ணன். தோப்பும்படியில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தான். "என் தங்கச்சி புருசனுக்குப் போய் ஓட்டை வண்டியக் குடுப்பேனா மாப்ள?" என்று சொல்லித்தான் சாவியைக் கையில் வைத்தான்.

கல்யாண வீட்டிலிருந்து நேராக அவனிடம்தான் போனான் சங்கரலிங்கம். சைலன்சர் வாயில் எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது.

"பாருங்க மச்சான், புகையோட இந்தக் கருமாந்திரத்தையும் சேத்துத் துப்புது. இன்னிக்கு என் மானத்தை வாங்கிடுச்சு."

வீரபாண்டி குனிந்துகூடப் பார்க்கவில்லை. "டூ-ஸ்ட்ரோக்குன்னா பெட்ரோல்ல ஆயிலக் கலந்துதான ஊத்துறோம்? எரியாத ஆயில் வெளிய வரத்தான் செய்யும். நீ கூடுதலாக் கலக்குற மாப்ள. பாதியாக் கொறச்சிரு, நின்னுரும். சரி, போய் ஒரு சாயா குடிச்சிட்டு வா, வண்டிய ஒரு பார்வை பாத்து வைக்கிறேன்."

சாயா குடித்துவிட்டு வந்தபோது வண்டி துடைத்துப் பளபளவென்று நின்றது. எப்போது போனாலும் அப்படித்தான் நடக்கும்.

மச்சான் சொன்னபடியே ஆயிலைப் பாதியாகக் குறைத்தான். கறுப்பு மட்டும் நிற்கவில்லை. சாக்கை மடித்துக் கட்டுக்கு அடியில் கொடுத்தான். அதையும் தாண்டித் தெறித்தது. ஓட்டல்காரர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். வீட்டில் ஒச்சம்மாள் அவன் வேட்டியைத் துவைத்துத் துவைத்துக் கை ஓய்ந்துபோய், "வண்டி வாங்குனீகளா, செக்கு வாங்குனீகளா?" என்று கேட்டாள்.

ஒரு நாள் காலை, கட்டு நிறைய இலையோடு தோப்பும்படிப் பாலத்தின் ஏற்றத்தில் வந்துகொண்டிருந்தான். திடீரென்று இஞ்சின் 'க்றீச்' என்று கத்தியது. பின் சக்கரம் இறுகி நின்றது. வண்டி சறுக்கிக்கொண்டு போய்க் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தது. பின்னால் வந்த பஸ் அவன் காலடியில் பிரேக் போட்டு நின்றது. டிரைவர் தலையை நீட்டி அம்மையப்பனையெல்லாம் இழுத்துத் திட்டினான்.

முழங்கையில் ரத்தம் வழிய வண்டியைத் தள்ளிக்கொண்டு இறங்கினான். பாலத்தடியில் முதலில் வருவது நாணுவின் ஒர்க்‌ஷாப். உயிரே போனாலும் அந்தப் படி ஏறுவதில்லை என்று இருந்தவன் சங்கரலிங்கம். முன்பொரு தரம் அந்த வாசலில் வண்டியை நிறுத்தியதற்கு, "எடா பாண்டி, வண்டிய மாத்தெடா" என்று நாணு கத்தப்போய் இருவரும் கட்டிப் புரண்டிருந்தார்கள். இன்றைக்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடக்கத்தான் பார்த்தான். ஆனால் நாணு வெளியே வந்து வண்டியின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டான்.

"சோர, ரத்தம் வருது. முதல்ல கையக் கழுவு. பாண்டி, நீ இங்க இரி."

"என் பேரு சங்கரலிங்கம். இன்னொரு வாட்டி பாண்டின்னே, உன் ஸ்பானராலயே மண்டையப் பொளந்துருவேன்."

நாணு அவனை ஒரு நிமிடம் பார்த்தான். பிறகு வண்டியருகே உட்கார்ந்தான். சைலன்சர் வாயில் விரலை விட்டு எடுத்து, இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தான். முகர்ந்தான்.

"பெட்ரோல்ல எத்தர ஆயில் கலக்கும்?"

"முன்ன சரியாத்தான் கலந்தேன். இப்பப் பாதி."

"பாதியோ? ஆரு சொன்னா? அதான் இஞ்சின் காஞ்சு பிடிச்சுப் போச்சு. ஆயில் கொறஞ்சா உள்ள பிஸ்டன் வழுக்காது." விரலை நீட்டினான். "மணத்து நோக்கு. இது பெட்ரோல்ல கலக்குற ஆயில் இல்ல. அதுன்னா நீர்த்துப் போயிருக்கும், பெட்ரோல் மணம் வரும். இது கட்டி. கியர் ஆயில்."

சங்கரலிங்கம் முகர்ந்தான். உண்மைதான், வேறு வாடை.

நாணு கியர்பாக்ஸின் அளவுத் திருகைக் கழற்றினான். ஒரு சொட்டுகூட வரவில்லை. குனிந்து இஞ்சினின் அடிவயிற்றைத் தடவினான். கை காய்ந்தபடியே வந்தது.

"அடியில ஒழுகல. ஆனா கியர் ஆயில் இல்ல. எவிட போச்சு? இஞ்சினுக்கும் கியருக்கும் நடுவுல, கிராங்கு பக்கத்துல ரப்பர் சீல் ஒண்ணு உண்டு. அது போனா இஞ்சின் கியர் ஆயிலக் குடிக்கும், எரியாம பாக்கியத் துப்பும். இது இன்னிக்கு நேத்து போனதல்லா. குடிச்சிட்டே இருந்திருக்கு. யாரோ ஊத்திட்டும் இருந்திருக்காங்க. இல்லேன்னா எப்பவோ கியர் பொடிஞ்சிருக்கும். கடைசியா கியர் ஆயில் ஒழிச்சது, ஊத்துனது ஆரு?"

"நான் ஊத்தவேயில்லையே..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்தினான். சாயா குடிக்கப் போன ஒவ்வொரு தடவையும் கண் முன்னால் வந்தது.

வண்டியை அங்கேயே விட்டுவிட்டுப் பாலத்தைக் கடந்து தோப்பும்படிக்கு நடந்தான். வெயில் தலையைப் பிளந்தது. உள்ளே எரிந்ததற்கு முன்னால் அது ஒன்றுமேயில்லை. ஒர்க்‌ஷாப்பில் வீரபாண்டி ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தான். சங்கரலிங்கம் அதைப் பிடித்து நிறுத்தினான்.

"கியர் ஆயில நீங்கதான ஊத்துனீங்க? எனக்குத் தெரியாம?"

வீரபாண்டியின் கண்கள் அவன் முழங்கைக்குப் போயின. "என்ன மாப்ள, விழுந்துட்டியா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க!"

"சீலு கொஞ்சம் போயிருந்துச்சு... இஞ்சின ரெண்டாப் பொளக்கணும் மாப்ள, பெரிய வேலை. அப்பப்ப ஊத்திட்டா ஓடிரும்னு பாத்தேன்."

"விக்கும்போதே தெரியுமா?"

வீரபாண்டி தலையைத் தொங்கப்போட்டான்.

"ஊத்தினத மறைச்சீங்க. சரி. ஆயிலக் கொறைக்கச் சொன்னீங்களே, அது எதுக்கு? என் வாய அடைக்கத்தான? பஸ்ஸு இன்னும் ஒரு முழம் முன்னால வந்திருந்தா உங்க தங்கச்சி தாலியறுத்திருப்பா!"

கையில் அகப்பட்ட ஆயில் டப்பாவை எடுத்துச் சுவரில் ஓங்கி அடித்தான். அது சுவரெல்லாம் வழிந்தது. அதற்கு மேல் அங்கே நின்றால் ஆளையே அடித்துவிடுவோம் என்று பட்டது. திரும்பி நடந்தான்.

நாணு இஞ்சினைப் பிரித்து, இறுகிய பிஸ்டனையும் போன ரப்பர் சீலையும் மாற்றிக் கொடுத்தான். வண்டி அதன்பின் எண்ணெய் துப்பவில்லை. நாணுவுக்கும் அவனுக்கும் சிநேகம் ஒன்றும் முளைத்துவிடவில்லை. எதிர்ப்பட்டால் தலையசைப்பார்கள், அவ்வளவுதான். பாண்டி என்ற சொல் மட்டும் நாணுவின் வாயில் பிறகு வரவில்லை.

விழுந்த அன்றே ஒச்சம்மாளிடம் நடந்ததைச் சொன்னான். அவன் முழங்கைக் காயத்தைக் கழுவி மஞ்சள் வைத்துக் கட்டினாள். அண்ணன் பேச்சு அதோடு அந்த வீட்டில் நின்றது.

அடுத்த வருஷம் மகள் ஸ்வர்ணலதாவுக்குக் காது குத்து. கம்பத்திலிருந்து உறவெல்லாம் வந்திறங்கியது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். அழைக்காவிட்டாலும் வீரபாண்டி தாம்பாளத்தில் சீர் எடுத்துக்கொண்டு கோயில் வாசலுக்கு வந்துவிட்டான். ஒச்சம்மாள் போய் வாசலை அடைத்து நின்றாள்.

"எம்புருசன ரோட்டுல சாகவிடப் பாத்த உன் மடியில எம்பிள்ள உக்காராது."

"ஒச்சு, ஊரு சிரிக்கும்டி..."

"சிரிக்கட்டும். அன்னிக்குக் கல்யாண வீட்டுல இவரப் பாத்து ஊரே சிரிச்சப்போ நீ எங்க போன?"

பெரியவர்கள் வந்து சொல்லிப் பார்த்தார்கள். அவள் அசையவில்லை. கடைசியில் பிள்ளையைச் சங்கரலிங்கமே மடியில் வைத்துக்கொண்டான். ஊசி இறங்கியபோது குழந்தை வீறிட்டது. வீரபாண்டி மதிலுக்கு வெளியே தாம்பாளத்தோடு நின்றபடி கண்ணைத் துடைத்துக்கொண்டான். சங்கரலிங்கத்துக்கு அதற்குள் கோபம் பாதி ஆறிப்போயிருந்தது. உள்ளே கூப்பிட்டுவிடலாமா என்றுகூட நினைத்தான். ஒச்சம்மாளின் முகத்தைப் பார்த்தான். கூப்பிடவில்லை.