தோஹாவில் ராகுகாலம் எத்தனை மணிக்கு

உடையார்கட்டுச் சந்தியில் விமானச் சீட்டுப் பதிந்து கொடுக்கும் சுதாஜினி இன்றுவரை விமானம் ஏறியதில்லை. ஆனால் வான்வழித் தூரங்களைக் கரைத்துக் குடித்தவள். தோஹாவிலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையம் எவ்வளவு தூரம் என்று கேட்டால், கணினியைப் பார்க்காமலே, "மூவாயிரத்து எண்ணூறு கிலோமீற்றர் சொச்சம், நாலே முக்கால் மணித்தியாலம்" என்பாள். அதற்குப் பிறகுதான் குரல் உயரும்: "அங்கையிருந்து வீட்டை எப்பிடி வரப்போறியள்?" கட்டுநாயக்காவிலிருந்து ஊருக்கு முந்நூறு கிலோமீற்றர்தான், ஆனால் ரோட்டால் வான் பிடித்து வர ஏழு மணித்தியாலம். இந்த ஏழு மணித்தியாலத்தை மறந்து வருகிறவர்களோடு ஒன்பது வருடமாகச் சண்டை பிடித்தே பேர் எடுத்தவள் அவள்.

அன்று பின்னேரம் கமலாசனி பஞ்சாங்கத்தோடு வந்தாள். மகன் தர்சனுக்கு வியாழக்கிழமை காலை எட்டு இருபதுக்குத் தாலிகட்டு. கத்தாரில் அவனுக்குப் புதன்கிழமையிலிருந்துதான் லீவு. புதன் காலை பத்து மணி விமானத்தில் சுதாஜினி இடம் பிடித்து வைத்திருந்தாள்.

"அங்கை பத்தெண்டால் இஞ்சை பன்னிரண்டரை. சரியான ராகுகாலம். இரவுப் பிளேனுக்கு மாத்து, பிள்ளை."

"இரவு ஏழுக்கு வெளிக்கிட்டால் இஞ்சை ரெண்டேகாலுக்கு இறங்குவான். பெட்டி எடுத்து வெளியாலை வர மூண்டரை. பத்தரைக்கு வீட்டை வந்து ஆருக்கு அக்கா தாலி கட்டுறது?"

கமலாசனி அசையவில்லை. "அவன்ரை அப்பா கடைசியா வெளிக்கிட்டதும் ராகுகாலத்திலைதான். நான் பாக்காமல் விட்டிட்டன்."

சுதாஜினியின் கோபம் அப்படியே அடங்கிப்போனது. மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. தர்சனுக்கு வீடியோ அழைப்பு எடுத்தாள்.

"தம்பி, வெளியாலை வந்து வானத்தைக் காட்டும்."

இங்கே கடையில் லைற் போட்டாயிற்று. அங்கே தர்சன் கொதிக்கும் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றான். சுதாஜினி திரையைக் கமலாசனி பக்கம் திருப்பினாள்.

"பாருங்கோ அக்கா. ராகுகாலம் சூரியன் உதிக்கிறதை வைச்சுத்தானே கணக்கு. அவன் ஏறுறது அந்தச் சூரியனுக்குக் கீழை. அங்கை பத்து மணிக்கு ராகு தொடங்க இன்னும் நேரம் கிடக்கு."

கமலாசனி மகனின் முகத்தை நெடுநேரம் பார்த்தாள். பிறகு பஞ்சாங்கத்தை மூடினாள். "சரி, அதையே போடு."

சொன்னாளே தவிர மனம் கேட்கவில்லை. புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கே கடைக்கு வந்து கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். பன்னிரண்டரைக்கு விமானம் கிளம்பியதைச் சுதாஜினி கணினியில் காட்டினாள். சீட்டுப் பதிய வந்த இரண்டு பேரைச் சுதாஜினி பிறகு வரச்சொல்லி அனுப்பினாள். ராகுகாலம் கழிந்து ஒன்றரை அடித்த பிறகுதான் கமலாசனி எழும்பிப் போனாள்.

தர்சன் இரவு ஒன்றரைக்கு வீட்டு வாசலில் இறங்கினான். எட்டு இருபதுக்குத் தாலி ஏறியது. பந்தியில் பாயசம் கொண்டுவந்த கமலாசனி, சுதாஜினியின் காதருகே குனிந்தாள்.

"அங்கத்தை ராகு உனக்குத் தெரியுந்தானே. பிறகேன் நேற்று நீயும் தேத்தண்ணி கூடக் குடிக்காமல் இருந்தனி?"

"இஞ்சத்தை ராகுவும் எனக்குத் தெரியும் அக்கா" என்றாள் சுதாஜினி.