இன்னாசியின் உபகாரிக்கு நான் எழுதிய கடிதங்கள்

இன்னாசியின் உபகாரிக்கு முதல் கடிதத்தை எழுதியபோது எனக்கு வயது பதினான்கு. ஒன்பதாம் வகுப்பின் நான்கு பிரிவுகளையும் சேர்த்து ஆங்கிலத்தில் முதல் மாணவன். பங்குக் கோயிலில் பெரிய பூசைகளுக்குத் தூபக்கால் பிடிக்கத் தேர்ந்தெடுக்கப்பட்டவன். கல்லூரி அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்தவரின் மூத்த மகன். எங்கள் தெருவில் என் பெயரைச் சொல்லித்தான் மற்றப் பிள்ளைகளை அதட்டுவார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நான் நின்ற இடம் தெரிந்தால்தான், அங்கிருந்து இறங்க எனக்கு ஏன் மனம் வரவில்லை என்பது வாசகருக்கு விளங்கும். அந்த ஆண்டு முழுவதும் என் நாக்கில் ஏரோகிராம் பசையின் சுவை இருந்தது. முதலில் லேசாக இனிக்கும். சற்று நேரத்தில் அடித்தொண்டையில் கசக்கும்.

மெல்லிய நீலத் தாள் அது. எழுதி முடித்து, மூன்றாக மடித்து, ஓரங்களை நாக்கால் நனைத்து ஒட்டிவிட்டால் தானே உறையாகிக் கடல் கடந்துவிடும். எழுபதுகளின் நடுவில், வகுப்பறை ஜன்னலிலேயே மலைக்கோட்டை தெரியும் எங்கள் பள்ளியில், ஏழைப் பிள்ளைகள் பதினொரு பேருக்கு வெளிநாட்டில் ஆளுக்கொரு "உபகாரி" இருந்தார். முகம் தெரியாத அந்த நல்லவர்களின் உதவியில்தான் அவர்களுக்குச் சீருடை, புத்தகம், மதியச் சோறு, மாதம் ஒருமுறை வீட்டுக்குக் கோதுமையும் பால்பவுடரும். பதிலுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆங்கிலத்தில் ஒரு நன்றிக் கடிதம் எழுத வேண்டும். அவர்களுக்கு ஆங்கிலம் வராது, எனக்கு வரும். ஆகவே சனிக்கிழமை ஞானோபதேச வகுப்பு முடிந்ததும், தாழ்வாரத்தின் நீள பெஞ்சில் அவர்கள் வரிசையாக உட்கார்ந்து தத்தம் வீட்டுச் செய்திகளைத் தமிழில் சொல்ல, நான் ஆங்கிலமாக்கி எழுதினேன்.

அந்த வகுப்பை நடத்தியவர் வெள்ளை அங்கியில் ஒரு பொத்தானைக்கூட அவிழ்த்துவிடாத ஒரு பிரதர். கரும்பலகையின் மேல் ஓரத்தில் "இரக்கம், விடாமுயற்சி, நன்றி" என்று மூன்று சொற்களை எழுதி, அழிக்கக் கூடாது என்று சுற்றிலும் கோடு போட்டிருப்பார். அந்த ஆண்டு முழுவதும் பாடம் அவ்வளவுதான். கடிதங்களைப் பற்றி அவருக்கு உறுதியான கருத்து இருந்தது. "கடிதாசில அழக்கூடாது, கேக்கவும் கூடாது. நன்றி சொல்றவன் கையேந்திக்கிட்டே சொன்னா அது நன்றியா?" என்பார். என் கையெழுத்தின் அழகை மெச்சுவார். முகவரி சரியா, மை கொட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, உள்ளே இருப்பதைப் படிக்காமலே தபாலுக்கு அனுப்பிவிடுவார். அந்த அளவுக்கு என்மீது நம்பிக்கை.

பிள்ளைகள் சொன்னதை அப்படியே எழுதுவது எனக்குத் தகுதிக் குறைவாகப் பட்டது. ஒருவன், "எங்க ஆடு ரெண்டு குட்டி போட்டிருக்கு. ஒண்ணுக்கு அவங்க பேரை வெச்சிருக்கோம்னு எழுதுடா" என்றான்.

"ஆட்டுக்கு உபகாரி பேரையா வெச்சீங்க?"

"பொட்டைக் குட்டிக்குத்தான்டா."

'எங்கள் இல்லத்தில் தங்கள் திருப்பெயர் நாள்தோறும் அன்போடு நினைக்கப்படுகிறது' என்று எழுதினேன். பெஞ்சு முழுவதும் சிரித்தது. நான் சிரிக்கவில்லை; அந்த வாக்கியம் நன்றாக அமைந்ததில் எனக்கு உள்ளூர நிறைவு.

அந்தப் பெஞ்சின் கடைசியில் உட்காருபவன் இன்னாசி. பாலக்கரைப் பக்கத்தில் ஒரு கூரை வீடு. தந்தை இல்லை. தாய் செபமாலை காந்தி மார்க்கெட்டில் ஒரு வெங்காய மண்டியில் சின்ன வெங்காயம் "ஆய்கிற" வேலை பார்த்தார். காய்ந்த தாளைக் கிள்ளி, அழுகலை ஒதுக்கி, காலை முதல் மாலை வரை தூசிக்குள் உட்காரும் வேலை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் பெண்கள் பக்கத்திலிருந்து எழும் இருமலை வைத்தே அவர் வந்திருப்பதை நாங்கள் அறிவோம். பிரசங்கத்தின் நடுவே அந்த இருமல் தொடங்கினால், முக்காட்டை வாயில் திணித்துக்கொண்டு வெளியே போய்விடுவார்.

இன்னாசியின் உபகாரி வயது சென்ற ஒரு விதவை. அந்த ஆண்டு ஆடி மாதத்தில் அவரிடமிருந்து வந்த கடிதத்தை நான்தான் அவனுக்குப் படித்துச் சொன்னேன். தம்முடைய வருமானம் சுருங்கிவிட்டதால் இரண்டு பிள்ளைகளுக்குச் செய்துவந்த உதவியை இனி ஒருவருக்குத்தான் செய்ய முடியும் என்று எழுதியிருந்தார். மற்றப் பிள்ளை வேறொரு நாட்டில் இருந்தது. 'உன் தாயின் உடல்நலம் எப்படி? வீட்டு நிலைமை என்ன? மறைக்காமல் எழுது. அதைக் கொண்டுதான் முடிவு செய்வேன்' என்று கேட்டிருந்தார்.

இன்னாசிக்கு அதன் பொருள் நன்றாகப் புரிந்தது. அதுவரை இரண்டு வரிக்கு மேல் சொல்லத் தெரியாதவன், அன்று பெஞ்சை விட்டு எழுந்து என் பக்கத்தில் தரையில் குந்திக்கொண்டு சொன்னான்.

"அம்மாவுக்கு இருமல் நிக்கவே இல்லன்னு எழுது. ரத்தம் வருதுன்னு எழுது. மண்டியில இனிமே வர வேணாம்னுட்டாங்க. கூரை ஒழுகுது, ராத்திரி உக்காந்தே இருக்கோம். இதை நிறுத்திட்டா நான் மூட்டை தூக்கத்தான் போகணும். எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் மட்டும் பாத்துக்கங்கன்னு எழுதுடா."

நான் எழுதத் தொடங்கினேன். ரத்தம், ஒழுகல், மூட்டை. அச்சொற்கள் என் பேனாவுக்கு அருவருப்பாக இருந்தன. கேட்கக் கூடாது என்ற பிரதரின் விதி ஒரு பக்கம். எழுத்தில் குறை பாடுவது நம் குடும்பத்து வழக்கமில்லை என்று என் தந்தை சொல்லி வந்தது ஒரு பக்கம். இவை சாக்குகள் என்பதை இன்று அறிவேன். உண்மை என்னவென்றால், கடிதம் எழுதும் முறை பற்றிய ஒரு புத்தகத்தில் அந்த வாரம்தான் மிக அழகான ஓர் ஆங்கில வாக்கியத்தைக் கண்டெடுத்திருந்தேன். அதை எங்காவது பயன்படுத்தக் காத்திருந்தேன். 'இறைவனின் பேரருளால் என் தாயார் பூரண நலத்துடன் இருக்கிறார். தங்கள் கருணையால் எங்கள் இல்லத்தில் குறையென்று ஏதுமில்லை' என்பது அதன் பொருள். ஒரு கிறிஸ்தவன் துன்பத்திலும் நன்றியோடிருக்கிறான் என்பதற்கு இதைவிட மேலான சான்று ஏது என்று அந்த வயதில் உண்மையாகவே எண்ணினேன்.

"நான் சொன்னது எல்லாம் எழுதிட்டியா?" என்றான் இன்னாசி.

"எழுதிட்டேன்."

"அம்மா இருமல் எங்க இருக்கு, காட்டு."

என் கையெழுத்து ஒன்றோடொன்று பின்னிச் செல்லும் சேர்த்தெழுத்து. அவனால் அதில் ஓர் எழுத்தையும் பிரிக்க முடியாது. 'பூரண நலம்' என்றிருந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினேன். அவன் அதன்மேல் தன் ஆள்காட்டி விரலை வைத்துப் பார்த்தான். பிறகு அதே விரலால் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான். ஏரோகிராமை நாக்கால் நனைத்து ஒட்டியவன் நான்.

பதில் ஐப்பசி மழையில் வந்தது. 'உன் கடிதத்தைப் படித்து மகிழ்ச்சியில் அழுதேன். உன் தாய் நலமடைந்ததற்கு இறைவனுக்கு நன்றி. இனி மன அமைதியோடு என் உதவியை அந்த மற்றப் பிள்ளைக்கே கொடுக்கலாம்; அவனுடைய வீட்டில் நிலைமை மிகவும் மோசம்' என்றிருந்தது. அதை எனக்குள் படித்துவிட்டுத் தாளை மடித்தேன்.

"என்னடா எழுதிருக்காங்க?"

"அவங்களுக்கு ரொம்ப வயசாயிடுச்சாம். இனிமே முடியலையாம்."

இன்னாசி தலையாட்டினான். தாழ்வாரத்துக்கு வெளியே மழையைப் பார்த்தான். "பாவம்டா. தனியா வேற இருக்காங்க" என்றான். பிறகு, "இத்தனை நாள் செஞ்சாங்கல்ல. ஒரு நன்றிக் கடிதம் போட்டுடுவோம்" என்றான்.

எனக்குக் கிடைத்த சந்தர்ப்பம் அது. அந்தத் தாளில் நான்கு வரி உண்மையை எழுதியிருந்தால், அந்த அம்மையார் மனம் மாறியிருக்கக்கூடும். ஆனால் அவர் பிரதருக்கு எழுதுவார். பிரதர் என்னை அழைப்பார். ஆண்டு விழா மேடையில் ஆங்கிலத்தில் பேசுவதற்கு என் பெயர் ஏற்கெனவே குறிக்கப்பட்டிருந்தது. நான் அன்று எழுதிய நன்றிக் கடிதம், என் வாழ்நாளில் எழுதிய ஆங்கிலத்திலேயே மிகச் சிறந்தது. அந்த அம்மையார் அதைத் தம் ஊர்க் கோயிலில் எல்லோருக்கும் படித்துக் காட்டியதாகப் பிரதருக்கு எழுதினார். பிரதர் அந்தச் செய்தியை வகுப்பில் அறிவித்து, கரும்பலகையின் மூன்றாவது சொல்லைப் பிரம்பால் தட்டிக் காட்டினார்.

அந்தக் கடிதம் போன மறுவாரம் செபமாலை எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. புடவைத் தலைப்பில், பழைய மண்டியில் கேட்டு வாங்கிய இரண்டு படி சின்ன வெங்காயம் கட்டிக்கொண்டு வந்திருந்தார். ஒன்றுகூட அழுகல் இல்லாமல் தனியாகப் பொறுக்கியது. என் தாயிடம், "தம்பி எங்களுக்காக ரொம்ப மெனக்கெட்டுச்சும்மா. கையில வேற ஒண்ணுமில்ல" என்றார். இரண்டு நாள் எங்கள் வீட்டில் வெங்காய சாம்பார். நான் சாப்பிட்டேன்.

பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். "பொய் சொன்னேன் சாமி, ரெண்டு தரம்" என்றேன். யாரிடம், எதைப் பற்றி என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மூன்று 'அருள் நிறைந்த மரியே' சொல்லச் சொன்னார். கோயில் தூணருகே முழந்தாளிட்டுச் சொல்லி முடித்தேன். அவ்வளவு சுருக்கமாக முடிந்ததில் அன்று எனக்கு நிம்மதியாகவே இருந்தது.

இன்னாசி உடனே நின்றுவிடவில்லை. விடியற்காலையில் மார்க்கெட்டில் மூட்டை இறக்கிவிட்டு, அதே சட்டையோடு வகுப்புக்கு ஓடிவருவான். "மண்டி வருது, கண்ணை மூடுங்கடா" என்று பின் பெஞ்சுக்காரர்கள் கண்ணைப் பொத்திக்கொள்வார்கள். "மூடு மூடு, இல்லாட்டி நீ எனக்காக அழுறேன்னு நெனச்சுக்குவாங்க" என்று சொல்லிவிட்டு உட்காருவான். மதியச் சோறு அவனுக்கு நிறுத்தப்பட்டிருந்தது. தண்ணீர்க் குழாயடியில் நின்றுவிட்டு வருவான். இப்படித் தை முடிய நான்கு மாதம் வந்தான். விடாமுயற்சி என்று கரும்பலகையில் எழுதியிருந்ததை நான் மனிதரில் பார்த்தது அந்த நான்கு மாதம்தான். அதனால் அவனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

தவக்காலத்தில் செபமாலை இறந்தார். அடக்கப் பூசைக்கு நான்தான் தூபக்கால் பிடித்தேன். சாம்பிராணிப் புகையில் யாரோ ஒரு பெண்மணி இருமினார். இன்னாசி சட்டென்று திரும்பிப் பார்த்ததைக் கண்டேன். கல்லறைத் தோட்டத்தில், வெளியூரிலிருந்து வந்த தன் மாமனிடம் என்னைக் காட்டி, "இவன்தான் மாமா எங்களுக்கு இங்கிலீஷ்ல எழுதுனவன்" என்றான். அந்த மனிதர் என்னை நோக்கிக் கும்பிட்டார். ஆண்டுத் தேர்வுக்கு இன்னாசி வரவில்லை.

பத்தாண்டுகளுக்குப் பிறகு, நான் கல்லூரியில் ஆங்கில விரிவுரையாளராகிவிட்ட காலம். உடன் பணிபுரிந்தவர் ஒருவரின் வீட்டுக்கு ஸ்ரீரங்கத்துக்கு ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தேன். காவிரிப் பாலத்தில் வெங்காய மூட்டை ஏற்றிய ஒரு கைவண்டி வழியை அடைத்து நின்றது. பின்னால் பஸ்காரர், "யோவ், ஓரமா இழுய்யா, ஊரே நிக்குது" என்று கத்திக்கொண்டிருந்தார். வண்டியை ஓரம் கட்டிவிட்டு நிமிர்ந்தவன் இன்னாசி.

"சார்" என்றான்.

மூட்டைகளைப் பார்த்தபடி, "ஸ்ரீரங்கத்துல வெங்காயம் யாருப்பா வாங்குறா?" என்று கேட்டேன்.

"சாமிக்குத்தான் சார் ஆகாது. ஆசாமிங்களுக்கு எல்லாம் ஆகும்" என்று சிரித்தான். இருமினான். பிறகு, "அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம் சார். நம்ம உபகாரியம்மாவுக்கு ஒரு பத்திரிகை அனுப்பணும்னு ஆசை. இருக்காங்களோ என்னமோ. அட்ரஸ் உங்களுக்கு ஞாபகம் இருக்கும்ல?" என்றான்.

"இல்லப்பா. மறந்து போச்சு" என்றேன்.

கதவு எண், தெரு, ஊர், அஞ்சல் எண் எல்லாம் எனக்கு நினைவிருந்தன. இப்போதும் நினைவிருக்கின்றன. அவன் என்னையும் கல்யாணத்துக்கு அழைத்தான். பத்திரிகையும் வீடு தேடி வந்தது. நான் போகவில்லை.

இன்று அந்தத் தாழ்வாரம் இல்லை. அந்த இடத்தில் கண்ணாடி பதித்த புதிய கட்டடம் நிற்கிறது. பிரதரும் என் பெற்றோரும் காலமாகிவிட்டார்கள். உபகாரி இருக்க வாய்ப்பில்லை. சில ஆண்டுகளுக்கு முன் தபால் நிலையத்தில் ஏரோகிராம் ஒன்று கேட்டேன், கவுண்டரில் இருந்த இளம்பெண், "அப்படின்னா என்ன சார்?" என்றாள். கிடைத்திருந்தாலும் யாருக்கு எழுதுவது என்று தெரியவில்லை. இன்னாசி ஐம்பது வயதைக் காணவில்லை. தன் தாயைப் போலவே இருமி இருமிப் போனான் என்று கேள்விப்பட்டேன். அவன் உயிரோடிருந்தால் இந்தக் கட்டுரையை எழுதியிருப்பேனா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். எழுதியிருக்க மாட்டேன்.

அண்மையில் பழைய மாணவர்கள் வெளியிட்ட மலரில், என் வகுப்புத் தோழர் ஒருவர் என்னைப் பாராட்டி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். என் பேனாவால் பதினொரு ஏழைப் பிள்ளைகள் படித்து முன்னேறினார்கள் என்றும், அவர்களில் இன்னாசி என்பவன் மட்டும், உபகாரி முதுமையால் உதவியை நிறுத்திய பிறகு, படிப்பில் நாட்டமில்லாமல் தானாகவே நின்றுவிட்டான் என்றும் அதில் கண்டிருக்கிறது. அது பிழை. முன்னேறியவர்கள் பத்துப் பேர். இன்னாசிக்குப் படிப்பில் நாட்டம் இருந்தது. உபகாரி முதுமையால் உதவியை நிறுத்தவில்லை. அவனுடைய தாய் பூரண நலத்துடன் இருக்கிறார் என்று நான் எழுதியதால் நிறுத்தினார்.