நான் விழுந்தது அபிஷேகத்தால் அல்ல

அன்பான சபையாரே, ஆண்டவர் எனக்குச் செய்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். கூடவே உங்களிடம் மன்னிப்பும் கேட்கிறேன்.

எனக்கு அறுபத்தெட்டு வயது. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். போன மழைக்காலம் தொடங்கியதிலிருந்து உடம்பில் தெம்பே இல்லை. பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. எழுந்தால் கண் இருட்டும். வயசாகிவிட்டது, அவ்வளவுதான் என்று இருந்துவிட்டேன்.

ஒரு ஞாயிறு, முதுநகரில் நம் சபையில் எல்லோரும் துதிக்க எழுந்தார்கள். நானும் எழுந்தேன். அப்படியே சாய்ந்தேன். பரிசுத்த ஆவியின் அபிஷேகம் இறங்கிவிட்டது என்று சுற்றிலும் "அல்லேலூயா!" முழக்கம். அடுத்த ஞாயிறும் விழுந்தேன். மூன்றாம் வாரம் எனக்கென்று பாயே விரித்து வைத்திருந்தீர்கள். பண்ருட்டியிலிருந்து ஒரு குடும்பம் வந்து, என்னைத் தங்கள் தலையில் கை வைத்து ஜெபிக்கச் சொன்னது. வெறும் மயக்கம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த மரியாதை பிடித்திருந்தது.

என் மனைவி ஸ்டெல்லா மட்டும் நம்பவில்லை. "அபிஷேகம் எறங்குன ஆளுக்கு எதுக்குங்க இவ்ளோ உப்பு? ஊறுகா பாட்டிலு ரெண்டு நாளு தாங்க மாட்டேங்குது."

ஒரு நாள் காலையில் படுக்கையை விட்டு எழவே முடியவில்லை. செத்துவிடுவேன் என்று பயந்து அழுதேன். "ஆண்டவரே, இது உம்முடைய வல்லமையா, என் வியாதியா? காட்டும்" என்று ஜெபித்தேன்.

அந்த வாரமே சிதம்பரத்தில் நண்பர் மகனுக்குக் கல்யாணம். ஸ்டெல்லாவைப் பிடித்துக்கொண்டு போனேன். அட்சதை போட எழுந்தேன். விழுந்தேன். அங்கே ஒருவரும் அல்லேலூயா சொல்லவில்லை. "ஐயையோ, பெரியவருக்கு பிரஷர் எறங்கிடுச்சி, காரை எடுங்க!" என்று மாப்பிள்ளையின் மாமா கத்தினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா படுக்கவைத்துப் பிரஷர் பார்த்தார், நிற்கவைத்தும் பார்த்தார். ஸ்டெல்லா சொன்ன ஊறுகாய்க் கதையைக் கேட்டதும் ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். முடிவு வந்தது.

"கிட்னிக்கு மேல அட்ரினல்னு சுரப்பி இருக்குங்க. வயசானா அதுல சில ஹார்மோன் கொறையறது சகஜம்தான். ஆனா உங்களுக்குக் கார்ட்டிசாலும், ஒடம்புல உப்பத் தக்க வெக்கிற ஹார்மோனும் ரொம்பக் கொறைஞ்சிடுச்சி. இது வயசு இல்ல, வியாதி. அதான் ஒடம்பு உப்பு கேக்குது. இன்னும் விட்டிருந்தா உயிருக்கே ஆபத்து."

ஸ்டெல்லா என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "அப்போ ஆவி இல்லீங்களா டாக்டர்?"

"எந்த ஆவிம்மா?"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இப்போது தினமும் மாத்திரை சாப்பிடுகிறேன். பாட்டு முடியும்வரை நிற்கிறேன். போலிப் பெருமை போய்விட்டது. பாஸ்டரிடமும் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, "அண்ணே, எனக்கும் எழுந்தா கொஞ்சம் சுத்துது. அந்த டாக்டரம்மா எங்க இருக்காங்க?" என்றார்.

சகோதரரே, சகோதரிகளே, உள்ளதை உள்ளபடி ஆண்டவரிடம் சொல்லுங்கள். அவர் பதில் தருவார். ஜெபித்து எழுந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். அங்கேயும் அவர் இருக்கிறார், நான் பார்த்தேன்.