ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவளுக்குச் சமையல் வராது என்று புகுந்த வீட்டில் முடிவுகட்டியிருந்தார்கள். அவளும் இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டு, அவர்கள் கேட்டபடி எந்தக் காயையும் குழம்பாகவே வைத்துவந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை, கூட வேலை செய்யும் பஞ்சாபிக்காரி சொல்லிக்கொடுத்தபடி சீரகத்தைப் பொரியவிட்டு, இஞ்சியும் தக்காளியும் வதக்கி, உருளைக்கிழங்கு, காலிஃபிளவர், கேரட், பட்டாணியைப் போட்டு மசாலா தூவி மூடிவைத்தாள்.

நாத்தனார் டம்ளர் தண்ணீரோடு வந்து மூடியைத் தூக்கினாள். "தண்ணியே ஊத்தலையே! அடிபிடிக்கப் போகுது, தள்ளு."

"ஊத்தக் கூடாது அண்ணி. காயில இருக்கிற தண்ணியே போதும்."

"எனக்கே சொல்லித் தர்றியா?"

டம்ளர் வாணலிப் பக்கம் சாய்ந்தது. அவள் அதைப் பிடுங்கி, அண்ணாந்து கடகடவென்று தானே குடித்துத் தீர்த்தாள்.

"இன்னிக்கு இது என் சமையல். பிடிச்சா சாப்பிடுங்க, பிடிக்கலேன்னா நாளைக்கு என் டிபன் பாக்ஸுக்கு ஆச்சு."

கூடத்தில் கணவன் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். இறக்கியபோது ஓரத்துக் காலிஃபிளவர் கொஞ்சம் கருகித்தான் இருந்தது. நாத்தனார் புருவத்தை உயர்த்தினாள்.

"கருகினாலும் என் கையால கருகினது," என்று சொல்லி, முதல் தட்டைத் தனக்கே போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் கணவன் வந்து தட்டை நீட்டினான். நாத்தனார் வரவில்லை. இவள் கூப்பிடவும் இல்லை.