முழுக்கக் கருங்காலியில் ஒரு க்யூ

1. மஞ்சள் துணியில் வந்த பலகை

ஸ்னூக்கர் க்யூ செய்கிற என் பட்டறைக்குள் பழனியப்பன் நுழைந்ததும் மெஷினை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். நிறுத்தினேன். திருச்செங்கோட்டில் ரிக் லாரி வைத்து ஊர் ஊராக ஆழ்துளைக் கிணற்றுக்கு போர் போடுகிறவர் அவர். அந்தச் சத்தத்தில் கத்திப் பேசிப் பழகியவர், என் கடைசல் மெஷினின் சத்தத்தை மட்டும் பொறுக்க மாட்டார். மஞ்சள் துணியில் சுற்றியிருந்த ஒரு நீளப் பலகையை மேசைமேல் வைத்துப் பிரித்தார். கன்னங்கரேலென்று இருந்தது. ஒரு முனையில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள்.

“கருங்காலிங்க மாஸ்டர். எம் புள்ளைக்கு ஸ்னூக்கர் ஸ்டிக் பண்ணோணும். முழுசும் இதுலயே இருக்கோணும்.”

அவர் மகள் நித்யாவை எனக்குத் தெரியும். இருபத்தாறு வயது. எந்த வண்டி எந்த ஊருக்குப் போகிறது என்பதை அப்பாவின் ஆபீஸில் உட்கார்ந்து பார்த்துக்கொள்வாள். வாரத்தில் நான்கு நாள் சேலத்துக்கு பஸ் ஏறிப் போய் ஆடுவாள். கிளப்பில் எல்லாரும் எடுக்கும் பொது க்யூவை வைத்தே நன்றாக ஆடிக்கொண்டிருந்தாள். மாவட்டப் போட்டியும் அதையடுத்து மாநில அணிக்கான தேர்வும் வந்ததால், மகளுக்குச் சொந்தமாக ஒரு க்யூ வாங்கித் தர அப்பாவுக்கு ஆசை. ஆசையில் தப்பில்லை. மரத்தை அவரே முடிவு செய்துகொண்டு வந்ததுதான் தப்பு.

இந்தத் தொழிலுக்கு வர நினைக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். க்யூவில் கையால் பிடிக்கும் தடித்த பாகம் பட். அங்கிருந்து பந்தை நோக்கி மெலிந்து போகும் நீளமான பாகம் ஷாஃப்ட். பட் கனமாக இருக்கலாம். கருங்காலி, ஈட்டி மரமெல்லாம் அங்கே நன்றாக இருக்கும். ஷாஃப்ட் அப்படியில்லை. பந்தில் பட்டதும் மயிரிழை வளைந்து, உடனே நிமிர வேண்டும். நார் நுனி முதல் அடி வரை நேராக ஓட வேண்டும். அதனால்தான் வெளிநாட்டு ஆஷ் அல்லது மேப்பிள் மரம் வாங்கி, வருடக்கணக்கில் காயப்போட்டு வைத்திருக்கிறோம்.

இதையெல்லாம் பழனியப்பனிடமும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, கழுத்தில் கிடந்த கருங்காலி மாலையைத் தூக்கிக் காட்டினார். அதைப் போட்ட நாளிலிருந்து அவர் போட்ட எந்த போரும் தண்ணீர் இல்லாமல் போகவில்லையாம்.

“கருங்காலின்னா பவருங்க. நீங்க சொல்ற ஆஷுல என்னங்க பவர் இருக்குது?”

பவரை விட்டுவிட்டுப் பலகைக்கு வந்தேன்.

பலகையைத் தூக்கினேன். கருங்காலிக்கு உரிய கனம் இல்லை. ஸ்பிரிட்டில் நனைத்த வெள்ளைத் துணியால் துடைத்தேன்; துணி கறுத்தது. இழைப்புளியை இரண்டு முறை ஓட்டினேன். உள்ளே வெளிர் மஞ்சள். ஏதோ ஒரு மரத்துக்குச் சாயம் ஏற்றி விற்றிருக்கிறார்கள். உள்ளே கொஞ்சம் வெளுப்பாகத்தான் இருக்கும் என்று விற்றவரே சொன்னாராம். அரை மணி நேரம் நான் விளக்கிய பிறகுதான் பழனியப்பன் ஒப்புக்கொண்டார். அப்போதும் விற்றவர்மேல் கோபம் வரவில்லை. பூஜை செய்த பலகையை நான் எதற்குச் செதுக்கினேன் என்றுதான் கோபித்துக்கொண்டார்.

பத்து நாளில் இன்னொரு பலகையோடு வந்தார். இந்த முறை நிஜமான கருங்காலி. தண்ணீர்த் தொட்டியில் போட்டுக் காட்டினார், மூழ்கியது. மறுபடியும் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். பட் மட்டும் இதில் செய்து தருகிறேன் என்றேன்.

“ஏனுங்க, ஒங்களால முடியாதுன்னா சொல்லிப்போடுங்க. நான் வேற ஆளப் பாத்துக்கறேன்.”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. செய்து கொடுத்தேன். இத்தனை வருடத்தில் நான் வெட்கப்படும் வேலை அதுதான். பத்து இழைப்புக்கு ஒருமுறை இழைப்புளியைத் தீட்டினேன். கரும் தூளில் ஒரு வாரம் தும்மினேன். பார்க்க அழகாக வந்தது; தூக்கினால் கடப்பாரை.

மாவட்டப் போட்டியில் நித்யா முதல் சுற்றிலேயே தோற்றாள். க்யூ நுனியில் ஒட்டும் தோல் டிப் சரியில்லை என்று பழனியப்பன் போன் செய்தார். டிப்பை மாற்றினேன். பிறகு டிப்பில் தேய்க்கும் சாக் சரியில்லை என்றார். பிறகு கிளப்பில் லைட் சரியில்லை என்றார். மரத்தைப் பற்றி மட்டும் பேச்சே இல்லை.

2. பிடிக்குப் போட்டிருந்த கட்டை

அடுத்த வாரம் நித்யா தனியாக வந்தாள். மணிக்கட்டில் பேண்டேஜ் சுற்றியிருந்தது.

“மெல்லத் தட்டோணும்னாலும் பந்து ஓடிப்போயிருதுங்க மாஸ்டர். அப்பா ஆசையா வாங்கிக் குடுத்தாருன்னு நானும் சொல்லாம இருந்துட்டேன்.”

மாநிலத் தேர்வுக்கு ஐந்து வாரம் இருந்தது. நான் உள்ளே போய், எனக்காகவே ஒதுக்கி வைத்திருந்த ஆஷ் கட்டையை எடுத்து வந்தேன். அம்பு அம்பாக நார் வரி ஓடும் கட்டை. யாருக்கும் கொடுக்க மனம் வராமல் பல வருடமாக வைத்திருந்தது. அவள் அதை மேசைமேல் விரலில் தாங்கி, குனிந்து, ஐந்தாறு முறை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தாள். வேண்டாம் என்றாள். குறி பார்க்கும்போது அந்த வரியெல்லாம் கண்ணை இழுக்கிறதாம்.

எனக்குச் சுருக்கென்றது. அவள் பாட்டுக்கு மூலைக்குப் போய், உளிப் பிடி செய்யப் போட்டிருந்த கட்டைகளைக் கிளறி ஒரு மேப்பிளை உருவினாள். வரியே தெரியாத கட்டை. நடுவில் மட்டும் பழுப்பாக ஒரு கறை. அதை எடுத்துத் தள்ளிப் பார்த்தவள் கீழே வைக்கவில்லை.

நான் பேசத் தொடங்கினேன். அது கழித்த கட்டை, கறையைப் பார்த்தால் சிரிப்பார்கள், ஆஷில் ஆடிப் பழகினால் சரியாகிவிடும் என்று அடுக்கிக்கொண்டே போனேன்.

“எங்கப்பாவுக்குக் கருங்காலி புடிச்சுது, ஒங்களுக்கு இது புடிச்சிருக்குது. ஆடறது நானுங்க மாஸ்டர்.”

சத்தம் போடாமல்தான் சொன்னாள். ஒரு மாதமாக யாரைப் பார்த்து எரிச்சல் பட்டேனோ, அவர் பேசியதையேதான் நானும் பேசியிருக்கிறேன்.

அந்த மேப்பிளைக் கண்ணாடிமேல் உருட்டினேன்; ஆடவில்லை. தட்டினேன், கணீரென்றது. நார் நேர். கறை வெறும் நிறம். எனக்குப் பிடிக்கவில்லை என்பதைத் தவிர அதில் ஒரு குறையும் இல்லை.

கறுப்பு க்யூவை அறுத்து, ஷாஃப்டுக்கு அந்த மேப்பிளை வைக்க வேண்டும் என்பதை அப்பாவிடம் அவளே சொன்னாள், என் பட்டறையில் வைத்தே. மணிக்கட்டைக் காட்டினாள். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ பேண்டேஜைத் தொட்டுப் பார்த்தார். கருங்காலி வீணாகிவிடுமா என்று கேட்டார். பட் பாகத்துக்கு அதையே வைக்கிறேன் என்றேன்.

“புடிக்கற எடத்துல இருந்தாப் போதுங்க,” என்றார்.

3. அதன் பிறகு

மாநில அணிப் பட்டியலில் கடைசிப் பெயராக நித்யாவின் பெயர் வந்தது. இப்போதும் அந்தக் கறை படிந்த க்யூவில்தான் ஆடுகிறாள்.

பழனியப்பன், எல்லாம் கருங்காலியின் பவர் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். இப்போது சங்ககிரியிலிருந்தும் ராசிபுரத்திலிருந்தும் ஆட்கள் கறுப்புப் பலகையோடு வருகிறார்கள். தம்பிக்கு, மருமகனுக்கு, மகளுக்கு என்கிறார்கள். பாதிப் பலகை சாயம். எரிச்சலுக்குக் குறைவில்லை.

ஆனால் இப்போது நான் மரத்தைப் பற்றி யாரிடமும் வாதாடுவதில்லை. பலகையை ஓரமாக வைத்துவிட்டு, ஆடுகிறவரைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்கிறேன். வந்தால், எனக்குப் பிடிக்காத கட்டைகளையும் சேர்த்து ஆறேழு ஷாஃப்டை மேசைமேல் பரப்பிவிட்டு, டீ குடிக்கப் போய்விடுவேன். அங்கேயே நின்றால் என் வாய் சும்மா இருக்காது.